மொட்டை சேஸிஸும் விளையாட்டு மோடுகளும்: மூலத்தை எதுவரை மாற்றலாம்?

ஓசூரிலிருந்து கிருஷ்ணகிரி, தருமபுரி வழியாக சேலம் வந்து, ராசிபுரம் தாண்டி நாமக்கல் போகும் நெடுஞ்சாலையில் அடிக்கடி ஒரு காட்சி கண்ணில் படும். (பழைய ஆட்களுக்கு அது என்.எச். 7. 2010ல் எண்களை மாற்றியபோது என்.எச். 44 ஆகிவிட்டது.) ஒரு லாரி வரும். ஆனால் அதை லாரி என்று சொல்லத் தயக்கமாக இருக்கும். கூரை இல்லை, கதவு இல்லை, பின்னால் பாரம் ஏற்ற இடம் இல்லை. இரண்டு நீளமான இரும்புச் சட்டங்கள், ஒரு இன்ஜின், சக்கரங்கள், ஒரு ஸ்டீயரிங். தற்காலிகமாக வைத்த ஒரு இருக்கையில் தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு, காற்றும் புழுதியும் முகத்தில் அறைய ஒருவர் ஓட்டிக்கொண்டு போவார். இதைத்தான் மொட்டை சேஸிஸ் என்பார்கள். தொழிற்சாலையிலிருந்து வெளியே வந்த வண்டி இவ்வளவுதான். மீதியை நாமக்கல் பட்டறைகள் பார்த்துக்கொள்ளும்.

இதற்கும் கம்ப்யூட்டர் விளையாட்டுக்கும் என்ன சம்பந்தம்? நிறையவே இருக்கிறது. விளையாட்டுகளை ரசிகர்கள் தங்கள் இஷ்டத்துக்கு மாற்றி வெளியிடுவதை மோட் என்கிறோம். அப்படி மாற்றும்போது முதலில் அதைப் படைத்தவர் மனதில் என்ன நினைத்தாரோ அதற்கு மரியாதை கொடுக்க வேண்டுமா, வேண்டாமா என்று முப்பது வருடமாகச் சண்டை நடக்கிறது. இந்தச் சண்டைக்கு விடை தேடி அமெரிக்காவுக்குப் போவதற்கு முன் நாமக்கல்லில் ஒருமுறை இறங்கிப் பார்ப்பது நல்லது. அடுத்தவர் செய்த பொருளின் மேல் தன் பொருளைக் கட்டுவதைப் பல பத்தாண்டுகளாகப் பிழைப்பாகவே வைத்திருக்கும் ஊர் அது.

முதலில் லாரிக் கதை. சென்னையில் 1948ல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ், ஆரம்பத்தில் ஆஸ்டின் கார்களைப் பூட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தது. பிறகு இங்கிலாந்தின் லேலண்டுடன் சேர்ந்து 1955ல் அசோக் லேலண்ட் ஆனது. டாடாவின் டெல்கோ 1954ல் ஜெர்மனியின் டெய்ம்லர்-பென்ஸுடன் ஒப்பந்தம் போட்டது. 1969 வரை டாடா லாரிகளின் முகத்தில் பென்ஸின் மூன்று முனை நட்சத்திரம் இருந்தது. அதாவது, நம் சாலைகளில் ஓடிய லாரிகளின் 'மூல வடிவம்' ஆங்கிலேயர் மனதிலும் ஜெர்மானியர் மனதிலும் உருவானது. அவர்கள் யோசித்தது அவர்கள் ஊர்ச் சாலை, அவர்கள் ஊர்க் குளிர், அவர்கள் ஊர் டிரைவர்.

டிரைவரும் கிளீனரும் வாரக்கணக்கில் வண்டியிலேயே குடியிருப்பார்கள் என்று அந்த இன்ஜினியர்கள் நினைத்திருக்க வாய்ப்பில்லை. படுக்க ஒரு பலகை வேண்டும், சமைக்கும் பாத்திரத்துக்கும் அரிசிக்கும் ஒரு பெட்டி வேண்டும், தார்ப்பாயும் கயிறும் போட கேபினுக்கு மேல் ஒரு கேரியர் வேண்டும், சாமி படத்துக்குக் கண்ணாடிக்கு மேல் ஓர் இடம் வேண்டும். இவை எல்லாம் பட்டறையில்தான் வந்தன. கூண்டு கட்டுவது என்று இந்தப் பக்கம் சொல்லும் தொழில் இதுதான். பஸ் கூண்டுக்கு கரூர், லாரிக்கு நாமக்கல். ஒரே மாதிரி சேஸிஸ், நாமக்கல்லில் கேஸ் டேங்கராகவோ சரக்கு லாரியாகவோ ஆகும். திருச்செங்கோட்டில் போர் போடும் ரிக் வண்டியாக மாறும். பஞ்சாபுக்குப் போனால் வேறு அலங்காரம், வேறு நிறம். நாமக்கல் 1997ல்தான் சேலத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டம் ஆனது. தென்னிந்தியாவில் சமையல் கேஸ் சுமக்கும் டேங்கர் லாரி உரிமையாளர்களின் சங்கத்துக்குத் தலைமையிடமும் இந்த ஊர்தான்.

இங்கே யாரும் 'லேலண்டின் மூல நோக்கத்தைக் கெடுத்துவிட்டார்கள்' என்று புகார் சொல்வதில்லை. ஏனென்றால் விற்றவரே அரைகுறையாகத்தான் விற்றார், தெரிந்தே. மேலே என்ன வேண்டுமானாலும் கட்டிக்கொள் என்பதுதான் அந்த வியாபாரத்தின் அடிப்படை. ஆனால் ஒரு எல்லை உண்டு. அதற்குப் பின்னால் வருவோம்.

இனி விளையாட்டு. 1981ல் வந்த 'காசில் வுல்ஃபென்ஸ்டைன்' என்ற ஆப்பிள் கம்ப்யூட்டர் விளையாட்டில் நாஜி வீரர்கள் எதிரிகள். அதை எடுத்து, நாஜிகளுக்குப் பதிலாக 'ஸ்மர்ஃப்' என்ற நீலநிற கார்ட்டூன் பொம்மைகளைப் போட்டு இரண்டு இளைஞர்கள் கேலியாக ஒன்றை உருவாக்கினார்கள். முதல் மோடுகளில் ஒன்றாக இதைத்தான் சொல்வார்கள். மூல நோக்கத்துக்கு மரியாதையா? துளியும் இல்லை. கிண்டலே நோக்கம்.

பிறகு ஐடி சாஃப்ட்வேர் என்ற அமெரிக்க நிறுவனம் 1992ல் 'வுல்ஃபென்ஸ்டைன் 3டி'யை வெளியிட்டது. ரசிகர்கள் அதன் ஃபைல்களை நோண்டி, படங்களையும் ஒலிகளையும் மாற்றினார்கள். சிக்கல் என்னவென்றால் மாற்றும்போது மூல ஃபைல் அழிந்துவிடும். பழைய விளையாட்டு வேண்டுமென்றால் மறுபடி இன்ஸ்டால் செய்ய வேண்டும். இதைப் பார்த்த ஜான் கார்மாக், 1993 டிசம்பரில் வந்த 'டூம்' விளையாட்டில் ஒரு வேலை செய்தார். இன்ஜின் தனி, படம்-ஒலி-வரைபடம் எல்லாம் 'வாட்' என்ற தனி ஃபைல். ரசிகர் தன் வாட் ஃபைலை மேலே வைத்து ஓட்டலாம், மூலத்தில் கை வைக்கத் தேவையில்லை. நிறுவனத்துக்குள்ளேயே சிலருக்கு இதில் பயம் இருந்தது. நம் சரக்கை ஊரான் எடுத்து விளையாட விடலாமா என்ற கவலைதான். கார்மாக் கேட்கவில்லை. 1997ல் டூமின் மூல நிரலையே வெளியிட்டார்கள்.

கவனித்தால், கார்மாக் செய்தது மொட்டை சேஸிஸை உருவாக்கும் வேலை. கூண்டையும் சட்டத்தையும் பிரித்து வைத்தார். ஒரே வித்தியாசம், அவர் கொடுத்த வண்டியில் ஏற்கெனவே அருமையான ஒரு கூண்டும் இருந்தது. பிடிக்காதவர் கழற்றிக்கொள்ளலாம்.

அப்படிக் கழற்றியவர்களில் வேடிக்கையானது 1996ல் அமெரிக்காவில் ஒரு காலை உணவு கம்பெனி செய்தது. 'செக்ஸ்' என்ற தானிய உணவு டப்பாவுக்குள் ஒரு சிடியை இலவசமாக வைத்தார்கள். அதில் இருந்த 'செக்ஸ் க்வெஸ்ட்' உண்மையில் டூம் விளையாட்டேதான். ஆனால் ரத்தம் இல்லை, பேய் இல்லை. பச்சைச் சளி மாதிரி இருக்கும் பிராணிகளை ஒரு கருவியால் அடித்தால் அவை சாகாது, தங்கள் ஊருக்குத் திரும்பிப் போய்விடும். நரகத்துப் பேய்களை ரத்தம் தெறிக்கச் சுடும் விளையாட்டைக் குழந்தைகளுக்கான சீரியல் விளம்பரமாக்கினால், மூல நோக்கத்தை இதைவிடத் தலைகீழாக்க முடியுமா? ஆனால் அதனால் டூமுக்கு ஒரு கீறலும் விழவில்லை. டூம் டூமாகவே இருந்தது.

இன்னொரு வம்சாவளியையும் பாருங்கள். ஐடி சாஃப்ட்வேர் 1996ல் வெளியிட்ட 'க்வேக்' விளையாட்டின் இன்ஜினை உரிமம் வாங்கி, நிறைய மாற்றி, வால்வ் நிறுவனம் 1998ல் 'ஹாஃப்-லைஃப்' செய்தது. விஞ்ஞானி ஒருவர் ஆராய்ச்சிக் கூடத்திலிருந்து தப்பிக்கும் கதை. அந்தக் கதையை மொத்தமாகத் தூக்கி எறிந்துவிட்டு, போலீஸ்-தீவிரவாதி என்று இரண்டு கட்சியாகப் பிரிந்து சுடும் 'கவுன்டர்-ஸ்ட்ரைக்'கை 1999ல் மின் லீ, ஜெஸ் கிளிஃப் இருவரும் மோடாக வெளியிட்டார்கள். வால்வ் கோபித்துக்கொள்ளவில்லை, அதை வாங்கி 2000ல் கடையில் விற்றது. தமிழ்நாட்டுப் பிரவுசிங் சென்டர்களில் மணிக்கணக்கில் கவுன்டர்-ஸ்ட்ரைக் ஆடியவர்களில் எத்தனை பேருக்கு அந்த விஞ்ஞானியின் பெயர் தெரியும்? சேஸிஸ் யாருடையது என்று பஸ்ஸில் ஏறும் பயணி கேட்பதில்லையே.

இதுவரை சொன்னது எல்லாம் சுலபமான பக்கம். உலக விளையாட்டுகள் நம் சமவெளிக்கு வந்தபோது நடந்தது கொஞ்சம் சுவாரசியமானது.

செக் குடியரசின் எஸ்.சி.எஸ். சாஃப்ட்வேர் 2006ல் '18 வீல்ஸ் ஆஃப் ஸ்டீல்: ஹாலின்' என்ற லாரி விளையாட்டை வெளியிட்டது. அமெரிக்க நெடுஞ்சாலை, நீண்ட மூக்கு வைத்த அமெரிக்க டிரக், லோடு பிடிப்பது, நேரத்துக்குக் கொண்டு சேர்ப்பது, காசு சேர்த்து வண்டி வாங்குவது, டிரைவர்களை வேலைக்கு வைப்பது. நாமக்கல்காரனுக்கு இதைவிட நெருக்கமான கதை வேறு உண்டா? கதை நெருக்கம், ஆனால் வண்டி அந்நியம். அந்த விளையாட்டின் ஃபைல்கள் சாதாரண ஜிப் ஃபைல்கள் மாதிரி திறந்துகொள்ளும், உள்ளே பல விவரங்கள் வெறும் எழுத்துகளாக இருக்கும். இந்திய ரசிகர்கள் திறந்தார்கள். லேலண்ட், டாடா லாரிகளும் நம் ஊர் பஸ்களும் அமெரிக்கச் சாலையில் ஓட ஆரம்பித்தன. வலது பக்க ஸ்டீயரிங் வைத்த வண்டி, வலது பக்கமாகப் போக வேண்டிய சாலையில்! லாஜிக் பார்ப்பவர்களுக்குத் தலை சுற்றும். ஆனால் தன் ஊர் லாரியின் முகத்தைத் திரையில் முதல்முறை பார்த்தவனுக்கு லாஜிக் ஒரு பொருட்டா?

எஸ்.சி.எஸ். அடுத்து 2012ல் வெளியிட்ட 'யூரோ டிரக் சிமுலேட்டர் 2'க்கும் இதே கதி. பெரிய நிறுவனங்களிடம் உரிமம் வாங்கி ஒவ்வொரு ஸ்விட்சையும் அச்சு அசலாகச் செய்திருந்தார்கள். அதற்குள்ளும் நம் வண்டிகள் போய் நின்றன. சில மோடுகள் அருமையாக இருக்கும். சிலவற்றில் லோடு ஏற்றிய லாரி வளைவில் பலூன் மாதிரி மிதக்கும், பிரேக் போட்டால் குதிக்கும். கூண்டு அழகாக இருக்கிறது, சட்டத்தின் கணக்கு புரியவில்லை என்று அர்த்தம். பட்டறையில் இப்படிச் செய்தால் வண்டி கவிழும். விளையாட்டில் சிரிப்பு வரும், அவ்வளவுதான்.

இந்தோனேசியாவின் மாலியோ நிறுவனம் 2017ல் வெளியிட்ட 'பஸ் சிமுலேட்டர் இந்தோனேசியா' இன்னும் ஒரு படி மேலே போனது. பஸ்ஸுக்கு வெளிப்புற வண்ணத்தை ஆடுபவரே வரைந்து போட்டுக்கொள்ளலாம் என்று முதலிலேயே வைத்தார்கள், பிறகு வெளியார் செய்த வண்டிகளையே உள்ளே கொண்டுவரவும் வழி செய்தார்கள். இந்தோனேசியச் சாலையும் இடது பக்கப் போக்குவரத்து, தென்னை மரம், நெரிசல், ஹாரன் பைத்தியம்... நமக்கு ஒத்துப்போகாமல் இருக்குமா? செல்போன் மட்டும் கையில் இருந்த பையன்களும் அரசு பஸ்ஸையும் ஊர் மினி பஸ்ஸையும் தனியார் பஸ்ஸையும் அதில் ஓட்டினார்கள். இதில் மூல நோக்கம் என்ன? பெயரிலேயே இந்தோனேசியா இருக்கிறது. ஆனால் செய்தவர்களே கதவைத் திறந்து வைத்துவிட்டார்கள். மொட்டை சேஸிஸாக விற்றால், மேலே கட்டியது உனக்குப் பிடிக்கவில்லை என்று பிறகு சொல்ல முடியாது.

இதில் ஒரு கிளைக்கதை. கேரளத்தில் சுற்றுலா பஸ்களில் பெரிய பெரிய ஓவியங்களும் லேசர் விளக்குகளும் வைப்பது பெரிய மோகமாக இருந்தது. அந்த மாநிலம் சுற்றுலா பஸ்களுக்கு வெள்ளை நிறத்தை விதித்தது. 2022 அக்டோபரில் வடக்கஞ்சேரியில் பள்ளி மாணவர்கள் போன பஸ் விபத்துக்குள்ளாகி 9 பேர் இறந்த பிறகு கெடுபிடி கடுமையானது. சாலையில் அழிந்த அந்த ஓவியங்கள் செல்போன் விளையாட்டில் மோடுகளாகத் தொடர்ந்து ஓடின. தெருவில் தடை செய்தது திரையில் பிழைத்துக்கொண்டது.

அந்தத் தடை எங்கிருந்து வருகிறது என்பதுதான் மேலே பாக்கி வைத்த எல்லைப் பிரச்சினை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52வது பிரிவு, 2000ல் திருத்திய பிறகு, வண்டியைத் தயாரித்தவர் முதலில் குறித்த விவரங்களுக்கு மாறாக உரிமையாளர் வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. கேரளத்திலிருந்து வந்த ஒரு வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. மூல நோக்கத்துக்கு மரியாதை என்பது இங்கே சட்டம்! கூண்டு கட்டுவது இதில் மாட்டாது, ஏனென்றால் சேஸிஸ் முழு வண்டி அல்ல, கட்டிய பிறகுதான் பதிவே. ஆனால் அதற்கும் கணக்கு உண்டு. பின் அச்சைத் தாண்டி நீளும் பகுதி முன்-பின் அச்சுகளுக்கு இடையே உள்ள தூரத்தில் 60 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது என்கிறது 1989ம் வருட மத்திய விதி. பஸ் கூண்டுக்கு ஏஐஎஸ் 052, லாரிக்கு ஏஐஎஸ் 093 என்று தனித்தனி தரக் குறியீடுகளும் பிறகு வந்தன. கேபினை எந்தக் கலரில் வேண்டுமானாலும் செய், சட்டத்தை இழுத்து நீட்டாதே. நீட்டினால் சாவது நீ மட்டுமல்ல, எதிரே டி.வி.எஸ்.50ல் வருபவனும்தான்.

படைப்புகளுக்கும் நம் நாட்டில் சட்டம் இருக்கிறது. 1957ம் வருடக் காப்புரிமைச் சட்டத்தின் 57வது பிரிவு, உரிமையை விற்றுவிட்டாலும்கூட தன் படைப்பைச் சிதைப்பதை எதிர்க்கும் உரிமையைப் படைத்தவருக்குக் கொடுக்கிறது. தன் பெயருக்கோ மரியாதைக்கோ கெடுதல் வரும்படியான சிதைப்பாக இருக்க வேண்டும் என்று 1994ல் திருத்தினார்கள். இதில் புகழ்பெற்ற வழக்கு சிற்பி அமர்நாத் செகலுடையது. டெல்லி விஞ்ஞான் பவனில் அவர் செய்த பிரமாண்டமான வெண்கலச் சுவர்ச் சிற்பத்தை 1979ல் அரசாங்கம் கழற்றிக் கிடங்கில் போட்டது. உடைந்தது, பாகங்கள் காணாமல் போயின. 2005ல் டெல்லி உயர் நீதிமன்றம் மிச்சத்தை அவரிடமே திருப்பிக் கொடுக்கவும் ரூ.5 லட்சம் இழப்பீடு தரவும் உத்தரவிட்டது.

செகல் வழக்கைச் சொல்லித்தான் சிலர் மோடுகளைக் குற்றம் சாட்டுவார்கள். ஆனால் பெரிய வித்தியாசம் இருக்கிறது. உலகில் அந்தச் சிற்பம் ஒன்றுதான். அது உடைந்தால் முடிந்தது. டூமை ஆயிரம் பேர் மாற்றினாலும் மாறாத டூம் அப்படியே இருக்கும். படைத்தவர் நினைத்ததைப் பார்க்க விரும்புகிறவன் மோடைக் கழற்றிவிட்டுப் பார்க்கலாம். அமெரிக்க நீதிமன்றம் 1992லேயே கிட்டத்தட்ட இந்தப் பக்கம் சாய்ந்தது. நின்டெண்டோ விளையாட்டில் கூடுதல் உயிர், கூடுதல் வேகம் கொடுக்கும் 'கேம் ஜீனி' என்ற கருவியை நின்டெண்டோ எதிர்த்தது. வீட்டில் தன் விளையாட்டைத் தன் இஷ்டப்படி ஆடுவது திருட்டல்ல என்று தோற்றுப்போனது. ஆனால் 1998ல் 'டியூக் நியூகம் 3டி' ரசிகர்கள் இலவசமாகச் செய்த 300 கட்டங்களை அள்ளி சிடி போட்டு விற்ற ஒரு கம்பெனி தோற்றது. அவை டியூக்கின் புதிய கதைகள், தொடர்ச்சி எழுதும் உரிமை மூலக்காரருடையது என்றது தீர்ப்பு. ரசிகர்கள் உழைப்பை விற்றவன் தோற்றது நல்லதுதான். ஆனால் அந்த ரசிகர்களுக்கும் அதில் எதுவும் கிடைக்கவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

'மூல நோக்கம்' என்று நாம் சொல்வது உண்மையிலேயே யாருடைய நோக்கம்? இந்தக் கேள்விக்கு இந்தியாவில் எல்லோருக்கும் தெரிந்த உதாரணம் 'கிரிக்கெட் 07'. ஈ.ஏ. ஸ்போர்ட்ஸ் 2006 நவம்பரில் வெளியிட்டது. ஆஸ்திரேலியா, இங்கிலாந்து ஆஷஸ் தொடருக்கு உரிமம் இருந்தது. மற்ற பல அணிகளுக்கு இல்லாததால் நம் வீரர்களின் பெயர்கள் திரிந்து கிடந்தன. அதற்குப் பிறகு ஈ.ஏ. கிரிக்கெட் விளையாட்டே செய்யவில்லை. 2008ல் ஐ.பி.எல். வந்தது, கம்பெனி வரவில்லை. ரசிகர்கள்தான் வருடா வருடம் சட்டை மாற்றி, பெயர் திருத்தி, மைதானம் சேர்த்து அதை ஓட்டினார்கள். டெண்டுல்கரின் பெயரைத் தப்பாக எழுதியது ஒரு கலைஞனின் கனவா? உரிமத்துக்குக் காசு கட்டாததன் விளைவு அது. இதைத் திருத்தியவனைப் பார்த்து மூலத்தைக் கெடுத்தாய் என்றால் சிரிக்கத்தான் தோன்றும்.

சில சமயம் மூலத்தைக் காப்பாற்றியதே மோட்தான். 2004ல் வந்த 'வேம்பயர்: தி மாஸ்கரேட் - பிளட்லைன்ஸ்' பிழைகளோடு அவசரமாக வெளியானது. செய்த ட்ராய்கா நிறுவனம் சில மாதங்களில், 2005ல் மூடிவிட்டது. வெர்னர் ஷ்பால் என்ற ஜெர்மானிய ரசிகர் வருடக்கணக்காக அதற்குப் பிழைதிருத்தம் போட்டுக்கொண்டே இருந்தார். முதலில் பிழைகளை மட்டும் திருத்தினார். பிறகு ட்ராய்கா வெட்டி எறிந்த காட்சிகளையும் மீட்டு உள்ளே சேர்த்தார். உடனே சண்டை. வெட்டியதும் படைத்தவர் முடிவுதானே, அதை மீட்க இவர் யார் என்று ஒரு கூட்டம் கிளம்பியது. கடைசியில் பிழைதிருத்தம் மட்டும் ஒன்று, மீட்ட காட்சிகளோடு ஒன்று என்று இரண்டு வகையாகத் தேர்ந்தெடுக்க வழி வைத்தார். இந்தக் கேள்விக்கு இதுவரை வந்த பதில்களில் மிக நேர்மையானது அந்த இரண்டு பட்டன்கள்தான். வெட்டிய காட்சி படைத்தவர் வேண்டாமென்று வெட்டியதா, நேரமில்லாமல் வெட்டியதா என்று வெளியே இருப்பவனுக்கு எப்படித் தெரியும்? தெரியாதபோது தேர்வை ஆடுபவனிடம் விடு.

அதேபோல 2012ல் 'டார்க் சோல்ஸ்' கம்ப்யூட்டருக்கு வந்தபோது படம் மங்கலாகவே தெரியும்படி பூட்டியிருந்தது. 'டுரான்டே' என்ற பெயரில் எழுதும் பீட்டர் தோமான் அதை உடனடியாகத் திறந்துவிட்டார். ஓவியர்கள் வரைந்தது முழுசாகத் தெரிந்தது மோடுக்குப் பிறகுதான்.

எதிர்ப்பக்கத்துக்கும் நியாயம் உண்டு. டார்க் சோல்ஸ் மாதிரி விளையாட்டுகளில் கஷ்டம்தான் கதை. நூறு முறை செத்து நூற்றியோராவது முறை ஜெயிப்பதற்காகவே செய்தது. அதைச் சுலபமாக்கும் மோடைப் போட்டுவிட்டு 'நானும் முடித்துவிட்டேன்' என்றால், மலைக்கு காரில் போய்விட்டு ஏறினேன் என்று சொல்கிற கதை. (ஏற்காடு மலைக்கு காரில் போவது தப்பில்லை, நடந்து ஏறினேன் என்று சொல்வதுதான் தப்பு.) கை நடுங்கும் ஒருவர், கண் பார்வை குறைந்த ஒருவர் அந்த மோடால்தான் உள்ளே நுழையவே முடிகிறது என்றால் அப்போது என்ன சொல்வது? காரில் போகட்டும், மலை எல்லோருக்கும் பொது என்றுதான்.

இனி இந்த விவாதத்தையே புரட்டிப்போட்ட கதை. பிரவுசிங் சென்டர் காலத்தில் வளர்ந்த எவருக்கும் 'ஜி.டி.ஏ. வைஸ் சிட்டி', 'சான் ஆண்ட்ரியாஸ்' தெரியும். அவற்றுக்கு வந்த மோடுகளுக்குக் கணக்கே இல்லை. ஆட்டோ, அம்பாசடர், ரஜினி உருவம் என்று நம் ஆட்களும் விட்டுவைக்கவில்லை. 2021ல் உரிமையாளரான டேக்-டூ நிறுவனம் பழைய ஜி.டி.ஏ. மோடுகள் பலவற்றைச் சட்ட நோட்டீஸ் அனுப்பி எடுக்க வைத்தது. மூல நிரலை ரசிகர்கள் மறுபடி எழுதியதற்கு வழக்கே போட்டது. காரணம் அந்த நவம்பரில் தெரிந்தது. மூன்று பழைய விளையாட்டுகளுக்கும் புது மெருகு போட்ட பதிப்பு வந்தது. பழையவை கடையிலிருந்து காணாமல் போயின.

புதுப் பதிப்பு எப்படி இருந்தது? முகங்கள் மெழுகு பொம்மை மாதிரி. மழை பெய்தால் கண் தெரியாது. முக்கியமாக, சான் ஆண்ட்ரியாஸின் அந்த ஆரஞ்சு நிறப் புழுதி மூட்டம் காணோம். பழைய கருவிகளின் பலவீனத்தை மறைக்க வைத்த மூட்டம்தான் அது. ஆனால் அதனால்தான் அந்தச் சின்ன வரைபடம் ஒரு பெரிய மாநிலம் மாதிரி தெரிந்தது. மூட்டத்தை எடுத்ததும் ஒரு நகரத்தின் மலையில் நின்றால் அடுத்த நகரம் கைக்கெட்டும் தூரத்தில் தெரிந்தது. மாயை போயே போச்சு. ராக்ஸ்டார் மன்னிப்புக் கேட்டது, பழையவற்றைக் கடைக்குத் திரும்பக் கொண்டுவந்தது. பழைய வானத்தையும் மூட்டத்தையும் திரும்பக் கொடுக்கும் அதிகாரபூர்வ மாற்றம் 2024 நவம்பரில்தான் வந்தது. அதுவரை மூட்டத்தைத் திரும்ப வைத்தவர்கள் மோட் செய்பவர்கள்.

ஆக மூல நோக்கத்துக்குப் பெரிய கெடுதல் வந்தது ரசிகனால் அல்ல, சொந்தக்காரரால். ரசிகனின் மோடை வேண்டாமென்றால் கழற்றலாம். சொந்தக்காரர் மூலத்தையே கடையிலிருந்து எடுத்தால் எங்கே போவது? 2020 ஜனவரியில் ப்ளிசார்ட் நிறுவனம் 'வார்கிராஃப்ட் 3'க்குப் புதுப் பதிப்பு வெளியிட்டபோதும் இதே கதைதான். பழைய விளையாட்டை வைத்திருந்தவர்களுக்கும் புது நிரலே வந்து உட்கார்ந்தது. கூடவே, ரசிகர்கள் அதில் உருவாக்கும் விளையாட்டுகள் எல்லாம் கம்பெனிக்கே சொந்தம் என்று விதியும் போட்டார்கள். அந்த விளையாட்டின் மேல் 2003ல் ரசிகர்கள் கட்டிய 'டோட்டா'தான் வால்வ் கைக்குப் போய் 2013ல் உலகப் புகழ் பெற்றது. அந்த வயிற்றெரிச்சல் புரிகிறது. ஆனாலும் நாமக்கல் பட்டறையில் கட்டிய கூண்டு எனக்கே சொந்தம் என்று லேலண்ட் சொன்னால் எப்படி இருக்கும்?

மோட் செய்பவர்களும் ஒன்றும் சளைத்தவர்கள் அல்ல. அடுத்தவர் விளையாட்டை மாற்றும்போது 'படைப்புச் சுதந்திரம்' என்பார்கள். தன் மோடை இன்னொருவர் மாற்றினால் திருட்டு என்று குதிப்பார்கள். லாரி, பஸ் விளையாட்டுகளில் இது தினசரிச் சண்டை. மோடுக்கே பூட்டுப் போட்டு வெளியிடுகிறவர்களும் உண்டு. 2015 ஏப்ரலில் வால்வும் பெதஸ்டாவும் சேர்ந்து 'ஸ்கைரிம்' மோடுகளைக் காசுக்கு விற்க அனுமதித்தன, செய்தவருக்கு 25 சதவீதப் பங்கு. உடனே ஒரு மீன்பிடி மோட் மாட்டிக்கொண்டது. அது இன்னொருவர் செய்த அசைவுகளைச் சார்ந்திருந்தது, அவரிடம் கேட்கவில்லை என்று பிரச்சினை. நான்கே நாளில் திட்டம் மொத்தமும் வாபஸ். இலவசமாக இருந்தவரை யாருக்கும் உறுத்தாத மூல உரிமை, காசு வந்ததும் எல்லோருக்கும் ஞாபகம் வந்துவிட்டது.

கூண்டு கட்டும் பட்டறைகளில் இந்தச் சண்டைக்கு ஒரு பழைய தீர்வு உண்டு. முடிந்த லாரி வெளியே வரும்போது முகத்தில் லேலண்ட் அல்லது டாடா முத்திரை அப்படியே இருக்கும். உரிமையாளரின் ஊரும் பெயரும் நெற்றியில். கேபின் பக்கவாட்டிலோ பின் கதவிலோ கூண்டு கட்டிய பட்டறையின் பெயர், ஊரோடு. சில வண்டிகளில் பெயின்ட் அடித்த ஆர்ட்டிஸ்ட் பெயரும் ஒரு மூலையில் சின்னதாக. ஓசூரில் செய்தது எது, நாமக்கல்லில் செய்தது எது என்று பார்ப்பவருக்குச் சந்தேகமே வராது. அந்த லாரியைத் திரையில் கொண்டுவரும் பையன்களில் கவனமானவர்கள் அந்த எழுத்துகளையும் விடாமல் வரைவார்கள். முத்திரை, ஊர், பட்டறை எல்லாம் அப்படியே இருக்கும். அதற்குக் கீழே, மட்கார்டு பக்கத்தில், தன் பெயரையும் ஒரு வரி எழுதிக்கொள்வார்கள்.